ஆள் இல்லாத வீட்டுக்காரி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டு ஐப்பசியில் பரளச்சி ஆவுடைத்தாய் ஊரார் கண்ணுக்குத் தெரியாமல் போனாள். ஊரை விட்டுப் போகவில்லை, சாகவும் இல்லை. அதே தெருவில், அதே ஓட்டு வீட்டில், அதே நீலச் சுங்கடிச் சேலையில்தான் இருந்தாள். அந்த மாதம் சோளம் படி முக்கால் ரூபாய்க்கு விற்றது. மழை இரண்டே நாள் பெய்தது.

இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஊரார் செய்தது உபகாரம். அவள் புருஷன் சோலைச்சாமி, கிணற்றை ஆழப்படுத்தப் போகிறேன் என்று திருச்சுழி வட்டிக்கடை ஒன்றில் முந்நூறு ரூபாய் வாங்கினான். கிணற்றில் பாறை வந்தது, தண்ணீர் வரவில்லை. மறு வருஷம் காய்ச்சலில் அவன் போய்ச் சேர்ந்தான். பிள்ளைகுட்டி இல்லை. கடன் தன்னுடையதுதான் என்று ஆவுடைத்தாய் வாயால் ஒப்புக்கொண்டால், மிச்சமிருந்த ஒன்றரைக் குறுக்கம் கரிசல் காட்டு நிலமும் கைவிட்டுப் போய்விடும். அதனால் வசூல்காரர் பூமிநாதனின் சைக்கிள் மணி கேட்டதும் பக்கத்து வீட்டு ராமலட்சுமி முந்திக்கொண்டு தெருவுக்கு வந்துவிடுவாள். "அந்த வீட்டுல ஆளு இல்லய்யா. பெழைக்கப் போயிட்டாக" என்பாள். டீக்கடையில் விசாரித்தாலும் இதே பதில், தபால்காரரை விசாரித்தாலும் இதே பதில். கடன்பட்ட வீட்டைக் காப்பாற்ற அந்தப் பக்கத்து ஊர்கள் எல்லாமே சொல்கிற பொய்தான் இது. பரளச்சிக்காரர்கள் கொஞ்சம் கூடுதல் விசுவாசமாகச் சொல்லிவிட்டார்கள். சொல்லிச் சொல்லி, அவர்களுக்கே அது உண்மையாகிவிட்டது.

முதலில் ஆவுடைத்தாய்க்குச் சௌகரியமாகத்தான் இருந்தது. சைக்கிள் மணிக்குப் பயந்து அடுப்பை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார வேண்டியதில்லை. பிறகுதான் மற்றதெல்லாம் தெரிய ஆரம்பித்தது. களையெடுப்பில் பன்னிரண்டு பேர் நிரை பிடித்தால் பதினொரு பேருக்குக் கூலி வந்தது. பருத்தி எடுப்பில் கூலி பங்காகத்தான் கொடுப்பார்கள் என்பதால், தன் பங்கைக் குவியலிலிருந்து தானே அள்ளிக்கொண்டாள். ஒரு நாளும் ஒரு சுளைகூட அதிகம் எடுத்ததில்லை என்பதை இங்கே பதிந்து வைக்க வேண்டும். ராமலட்சுமி மகள் கல்யாணத்தில் பந்தியில் போய் உட்கார்ந்தாள். அவள் முன்னால் யாரும் இலை போடவில்லை. சாம்பார் வாளி அவளைத் தாண்டிப் போயிற்று. பந்தி எழுந்த பிறகும் அவள் உட்கார்ந்தே இருந்தாள். வீட்டுக்கு வந்து தன் பெயரைத் தானே சத்தமாகக் கூப்பிட்டுப் பார்த்தாள். அவளுக்கு அழுகைகூட வரவில்லை. ஏன் அழுகிறாய் என்று கேட்க ஒரு ஆள் இருந்தால்தானே அழுகை வரும்.

பூமிநாதன் கண்ணுக்கு மட்டும் அவள் தெரிந்தாள். எழுபதாம் வருஷம் மாசியில், ஆள் இல்லை என்று ராமலட்சுமி சத்தியம் செய்துகொண்டிருந்தபோது ஆவுடைத்தாய் அவள் தோளை ஒட்டித்தான் நின்றாள்.

"அப்ப ஒம் பக்கத்துல நிக்கிறது யாரு?" என்று கேட்டார் பூமிநாதன்.

ராமலட்சுமி திரும்பிப் பார்த்தாள். "யாருமில்லையேய்யா" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை என்று அவருக்கே தெரிந்தது. குதிருக்குள்ளும் வைக்கோல் படப்புக்குப் பின்னாலும் ஒளிந்தவர்களை இருபது வருஷமாகக் கண்டுபிடித்த கண் அவருடையது. அந்த இருபது வருஷத்தில் எந்த ஊரிலும் அவருக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுத்தவர் இல்லை. ராமலட்சுமி உள்ளே போனதும் அவர் மெதுவாகக் கேட்டார்.

"நீ யாரு தாயி?"

வாயைத் திறந்தால் காடு போகும் என்று ஆவுடைத்தாய்க்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஒரு மனுஷர் முகத்துக்கு நேராகப் பேசி ஒன்றேகால் வருஷமாகியிருந்தது.

"நாந்தான் ஆவுடைத்தாய். சோலைச்சாமி பொண்டாட்டி. கடன் எங்களுதுதான் அண்ணாச்சி."

காடு வட்டிக்குப் போயிற்று. அசலுக்கு மாதம் மூன்று ரூபாய் என்று ஏற்பாடானது. மாதத்தின் முதல் செவ்வாய் பூமிநாதன் வருவார். அவள் செம்பில் தண்ணீர் கொடுப்பாள். சைக்கிள் டயர் தேய்ந்தது, பெண்டாட்டி செத்த பிறகு தானே பொங்கித் தின்பது என்று அவர் பேசுவார். முப்பது நாளாகச் சேர்த்து வைத்ததையெல்லாம் அவள் பேசுவாள். வசூல்காரர் காலி வாசலில் உட்கார்ந்து தனக்குத்தானே பேசுவதாகத் தெருவுக்குத் தெரிந்தது. வெயிலில் அலைகிற மனுஷன், அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். காடு போனதற்காக அவள் வருந்தவில்லை. மழையால் அவர் வராத செவ்வாய்க்குத்தான் வருந்தினாள்.

இப்படியே ஆறு வருஷம் போயிற்று. எழுபத்தாறில், ஏழைகளிடம் கடன் கேட்டு யாரும் வாசலுக்குப் போகக் கூடாது என்று சர்க்கார் உத்தரவு போட்டது. ஊரில் பணியாரம் சுட்டார்கள். வட்டிக்கடையை இழுத்து மூடினார்கள். ஆவுடைத்தாய் மூன்று ரூபாயை முந்தியில் முடிந்துகொண்டு வாசலில் நின்றாள். செவ்வாய் வந்தது, சைக்கிள் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. மூன்றாம் மாதம் தோளில் வசூல் பை இல்லாமல் பூமிநாதன் வந்தார்.

"இனிமே வாங்கக் கூடாது தாயி. ஒங் கடன் போச்சு. சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

"கடன் போனா நீங்க வரமாட்டீகளே அண்ணாச்சி. நீங்க வரலைன்னா நான் இருக்கேன்னு யாருக்குத் தெரியும்?"

வேலையும் போய், பேச்சுத்துணை இல்லாமல் மூன்று மாதம் வீட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டு இருந்தவர்தான் அவரும். தண்ணீரைக் குடித்து முடித்தார்.

"ஒரு அஞ்சு ரூவா கடன் குடுங்க" என்றாள் ஆவுடைத்தாய்.

பூமிநாதன் சட்டைப் பையைத் துழாவி, கசங்கின ஐந்து ரூபாய்த் தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அடுத்த மாதம் முதல் செவ்வாய் வசூலுக்கு வருவேன், சாக்குப்போக்குச் சொல்லக் கூடாது என்று கறாராகச் சொன்னார். சொன்ன நாளில் வந்தார். வாசலில் உட்கார்ந்து, செம்பை வாங்கிக் குடித்துவிட்டு, கடனைக் கேட்டார்.

"இந்த மாசம் தோதுப்படல அண்ணாச்சி. அடுத்த மாசம் வாங்க."

எழுபத்தொன்பது கடைசி வரைக்கும் அந்த ஐந்து ரூபாய் வசூலாகவில்லை.