தாய்மாமனுக்கு முதல் பிரதி

கோவில்பதாகை கல்யாண மண்டபத்தில், மணமகள் அறையில் உட்கார்ந்து, தன் புத்தக வெளியீட்டுக்காக அமுதா தலைக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். அம்மா நாகம்மாள் உள்ளே வந்தாள். பெரிய சிக்கல் ஒன்றைத் தனியாளாகத் தீர்த்துவிட்ட பெருமை அவள் முகத்தில் இருந்தது.

“ரோஷன் பேகம் வரலியாம், அமுலு. காய்ச்சலாம். மொத புக்கு யாரு வாங்குறதுன்னு அந்த நிர்மல் சாரு கையப் பெசஞ்சிகினு கீறாரு. இன்னாத்துக்கு சார் கவலப்படுற, தாய்மாமன் கீறான், அவன் வாங்கிக்குவான்னு சொல்லிட்டேன். வீராசாமி வானகரத்துலேந்து கெளம்பிட்டான். வெறுங்கையோட வருவானா அவன்? தட்டோட வந்துகினு கீறான்.”

கொண்டை ஊசி அமுதாவின் கையிலேயே நின்றுவிட்டது.

அமுதாவை நம் எல்லோருக்கும் தெரியும். சீரியலில் மருமகளை விரட்டும் மாமியார். அம்பத்தூர் மார்க்கெட்டுக்குப் போனால் காய்கறிக்காரம்மாவே நாலு வார்த்தை திட்டிவிட்டுத்தான் எடை போடுவாள். அந்த அமுதா தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதியிருந்தாள். பதிப்பாளர் நிர்மல் நகரத்துக்குள் ஏசி அரங்கம் பிடிக்கலாம் என்றார். பிறந்த ஊரில்தான் வெளியிட வேண்டும் என்று இவள் பிடிவாதம் பிடித்தாள். ஒரு சினிமா இயக்குநர் வெளியிட, பூந்தமல்லியில் இவளைத் தையல் மெஷினில் உட்கார வைத்து மதியச் சோறும் போட்ட ரோஷன் பேகம் முதல் பிரதி வாங்குவதாக அழைப்பிதழ் அடித்தாயிற்று. இப்போது இது.

நாகம்மாளைக் குறை சொல்லவும் முடியாது. காது குத்தினால் தாய்மாமன் மடி, பெண் பெரியவளானால் தாய்மாமன் சீர். புத்தகம் வந்தால் மட்டும் வேறு யார் கைக்குப் போகும்? அவள் அறிந்த உலகத்தில் அது சரியான கணக்குதான்.

ஆனால் அந்தப் புத்தகத்தின் நான்காவது அத்தியாயமே வீராசாமிதான். பெயர் போடவில்லை. ‘என்னைத் தன் வீட்டில் வைத்திருந்தவர்’ என்று மட்டும் எழுதியிருந்தாள். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அவள் காதுக்குப் போகாது என்று நினைத்துக்கொண்டாள். முட்டாள்தனம்தான். ஊரில் படிக்கத் தெரிந்தவர்களுக்கு வாய் இல்லையா என்ன? இருந்தாலும் அப்படி நினைத்தால்தான் அவளால் எழுதவே முடிந்தது.

அப்பா செத்த வருஷம் நாகம்மாள் அம்பத்தூரில் ஒரு கம்பெனிக்கு நைட் ஷிப்ட் போனாள். ஒன்பது வயசு அமுதாவைத் தம்பி வீட்டில் விட்டாள். அங்கேதான் கை வெந்தது. சோறு வடிக்கும்போது கஞ்சி கொட்டிவிட்டது, வீராசாமி தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான்: நாகம்மாளுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பச்சைக் குழந்தையை உலை முன்னால் நிற்க வைத்த பாவி நான் என்று முப்பது வருஷமாகத் தலையில் அடித்துக்கொள்கிறாள். இன்றைக்கும் அந்தக் கையை அவள் நேராகப் பார்க்க மாட்டாள்.

சொன்னால் அம்மாவுக்குக் கூடப் பிறந்தவன் இல்லாமல் போவான். சொல்லாவிட்டால் செய்யாத பாவத்தைச் சுமந்துகொண்டே அவள் கண்ணை மூடுவாள். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டுதான் அமுதா இத்தனை வருஷம் வாயைத் திறக்கவில்லை.

“அவரு வேணாம்மா,” என்றாள்.

“ஏன்?”

அமுதா ஊசியைக் கீழே வைத்தாள். “நீயே வாங்கிக்கோயேன்.”

“எனுக்கு இன்னா தெரியும்? அவன் நமக்கு எவ்ளோ செஞ்சிக்கிறான். நன்றி வோணாவா?”

அதற்குள் வாசலில் வெள்ளை வேட்டி தெரிந்தது. பழம், பட்டுப்புடவை, மாலை என்று மூன்று தட்டுகள். வீராசாமிக்கு அறுபது தாண்டியும் உடம்பு கட்டு விடவில்லை.

“இன்னா அமுலு, புக்குல மாமனப் பத்தி எழுதிக்கிறியா?”

“எழுதியிருக்கேன் மாமா.”

“நல்லாத்தானே?”

அவள் அவரையே பார்த்தாள். அவர் சிரிப்பு கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தது. பிறகு தட்டில் இருந்த வாழைப்பழத்தை நகர்த்தி வைக்கக் குனிந்துகொண்டார். அவருக்கு மறக்கவில்லை என்று அமுதாவுக்கு அப்போது தெரிந்தது.

மேடையில் எல்லாம் அதன் போக்கில் நடந்தது. இயக்குநர் கொடுத்தார், வீராசாமி வாங்கினார். புத்தகத்தை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துப் போட்டோவுக்கு நின்றார். பிறகு நிர்மல், யாரும் கேட்காமலேயே, அம்மா இரண்டு வார்த்தை பேசுவார்கள் என்று நாகம்மாள் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார்.

“எனுக்குப் பேச வராது,” என்றாள் நாகம்மாள். “எம்பொண்ணு கைய நான்தான் பொசுக்குனேன். சோறு வடிக்க உட்டுட்டு வேலைக்குப் போன பாவி நான். அன்னிக்கி என் தம்பி இல்லன்னா அவ இல்ல. இந்த புக்கும் இல்ல.”

கூட்டத்தில் பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். வீராசாமி தோள் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்தத் துண்டைத்தான் அமுதாவால் தாங்க முடியவில்லை. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தான் செய்த பாவத்தை இன்னொரு தடவை அம்மா தலையில் ஏற்றிவிட்டானே என்று உடம்பெல்லாம் எரிந்தது.

அவள் முறை வந்தது. முதல் நாள் ஷூட்டிங்கில் வசனம் மறந்த வேடிக்கையைப் படியுங்கள் என்று நிர்மல் பக்கத்தை மடித்துக் கொடுத்திருந்தார். அமுதா பக்கங்களைப் பின்னால் தள்ளி நான்காவது அத்தியாயத்தை எடுத்தாள்.

“‘கஞ்சி கொட்டவில்லை. எனக்குப் பசித்தது. மூடி வைத்திருந்த மீன் வறுவலில் ஒரு துண்டு எடுத்துத் தின்றேன். என்னைத் தன் வீட்டில் வைத்திருந்தவர் தோசைத் திருப்பியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, தின்ற கையில் வைத்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், கஞ்சி கொட்டியது என்று சொல், இல்லாவிட்டால் நீயும் உன் அம்மாவும் நடுத்தெருவில்தான் என்றார். நான் அப்படியே சொன்னேன்...’”

வீராசாமி எழுந்துவிட்டார்.

“இன்னாக்கா இது, நல்ல நாளும் அதுவுமா. கதைக்கோசரம் எதையோ எழுதிக்கீது. நான் கெளம்புறேன்.”

அமுதாவால் அடுத்த வரியைப் படிக்க முடியவில்லை. அம்மாவைக் கொன்றுவிட்டேனோ என்ற பயத்தில் எழுத்தெல்லாம் கலங்கியது. நாகம்மாள் நாற்காலிக் கையைப் பிடித்து மெல்ல எழுந்தாள். தம்பி முன்னால் போய் நின்றாள். அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அவர் தலை குனிந்தது.

அவர் கையிலிருந்த புத்தகத்தை அவள் வாங்கிக்கொண்டாள். அவர் தடுக்கவில்லை.

“ஒக்கார்றா,” என்றாள். சத்தம் போடவில்லை. அவர் உட்கார்ந்தார்.

அப்புறம் மகளைப் பார்த்தாள்.

“நான் சொன்னத ஊரே முப்பது வருஷம் கேட்டுது. நீ சொல்றதையும் கேக்கட்டும். இவன் இங்கதான் ஒக்காந்துகினு இருப்பான். நீ படி.”