மூலை மடிப்பு

1

இந்தக் கதை நான் கொடுத்த ஒரு லஞ்சத்தில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பக்கம் தள்ளிப்போனால் தைரியமும் தள்ளிப்போகும்.

வீட்டு வரிப் பதிவில் அம்மாவின் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைச் சேர்க்க வேண்டியிருந்தது. அலுவலகச் சுவரை ஒட்டி மேசை போட்டு மனு எழுதித் தரும் ஒரு பெண்ணிடம் போனேன். எழுதி முடித்ததும், "சாதாரணமா போகணுமா, சீக்கிரம் போகணுமா?" என்று கேட்டாள், டீக்குச் சர்க்கரை போடவா என்று கேட்பதுபோல. சீக்கிரம் என்றேன். பணத்தை வாங்கிக் கவருக்குள் வைத்தாள். தாளின் வலது மேல் மூலையைக் கட்டைவிரல் நகத்தளவு மடித்தாள். அவ்வளவுதான். எந்த மனுவானாலும் போய்ச் சேரும் நாலாவது ஜன்னலில், மடிந்த தாள் மேலே போனது. மடியாதவை அடியில் கிடந்தன.

பத்தே நிமிடத்தில் வெளியே வந்தேன். எனக்கு முன்னால் நின்றவர்கள் இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்காமல் நடந்தேன். [இந்த வாக்கியத்தை மூன்று முறை அடித்தேன். "அவசரமாக நடந்தேன்" என்று மாற்றிப் பார்த்தேன். பொய்.]

2

முதல் தொடக்கம்: "ஊழல் என்பது சமுதாயத்தை அரிக்கும்…" வேண்டாம். அந்த வாக்கியத்தில் ஆளே இல்லை. முக்கியமாக, நான் இல்லை.

இரண்டாவது: "நேர்மையே உருவான ஒருத்தி அந்த மேசையில்…" எங்கே நேர்மை? பதினொரு வருடமாக மூலை மடிக்கிறாள்.

மூன்றாவது: அன்றைக்கு மனு அக்காவின் கை ஒரு தப்புச் செய்தது.

இது நடக்கும்.

3

மனு அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். அன்று அவள் முன்னால் உட்கார்ந்தது ஒரு வெல்டரின் மனைவி. வேலையில் நடந்த விபத்தில் அவனுக்கு வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. உதவித்தொகைக்கு இது மூன்றாவது மனு. முதல் இரண்டும் அடியிலேயே கிடந்து கெடு தாண்டிவிட்டன.

"இந்தத் தடவையும் சாதாரணம்தான்க்கா. கை முழுசா இருந்தப்பவே சீக்கிரத்துக்கு வழியில்ல. இப்ப எங்க போக?"

அக்கா எழுதினாள். பேச்சோடு பேச்சாகத் தாளை எடுத்து, மூலையை மடித்து, நீட்டினாள். பழக்கம். மடித்தது அவளுக்கே தெரியாது.

மதியத்துக்குள் வெல்டரின் மனைவி முத்திரை விழுந்த தாளோடு திரும்பி வந்தாள். "மூணு மாசம் நடந்தேன். இன்னிக்கு மூணு நிமிஷம். என்னக்கா பண்ணீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணலையே" என்று சொல்ல வந்தவள் அந்த மூலையைப் பார்த்தாள்.

[இந்த இடத்தில் அவளை நான் நம்பவில்லை. ஒரே நொடியில் யாராவது மாறுவார்களா? மாறவில்லை. கூச்சப்பட்டாள். அதை எனக்கு எழுதத் தெரியும்.]

ஜன்னல் உள்ளே உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாவுடையது, முத்திரை அவருடையது, கவரில் பெரும்பங்கும் அவருடையது. தன்னுடையது ஒரு சின்ன மடிப்புதானே என்று சொல்லிக்கொண்டே பதினொரு வருடம் ஓட்டிவிட்டாள். அந்த மடிப்பு இல்லாவிட்டால் ஜன்னலுக்குள் இருப்பவருக்கு பணம் கொடுத்தவர் யாரென்றே தெரியாது என்பது இப்போதுதான் உறைத்தது.

சாயங்காலம் நாலாம் ஜன்னல் (அவருக்கும் அதுதான் பெயர்) கவரை வாங்க வந்தார்.

"மடிப்பு பதினேழு. கவர்ல பதினாறு பேரோடதுதான் இருக்கு."

"கை மறந்துடுச்சு சார்."

"கைக்கு ஞாபகப்படுத்து. மேசை யார் தயவுல நிக்குதுன்னும் சேர்த்துச் சொல்லிவை."

4

மறுநாள் அவள் யாரிடமும் சாதாரணமா சீக்கிரமா என்று கேட்கவில்லை. கவரும் எடுத்து வரவில்லை. எழுதிய தாள் எல்லாவற்றையும் மடித்தாள்.

பதினோரு மணிக்கு நாலாம் ஜன்னல் எழுந்து வெளியே வந்தார்.

"என்னம்மா இது?"

"மனு சார்."

"எல்லாம் மடிஞ்சிருக்கு."

"தாள் மட்டம் சார். தானா மடங்குது."

"விளையாடறியா?"

"மேல புகார் கொடுக்கணும்னா சொல்லுங்க, நானே எழுதித் தர்றேன். என்னன்னு எழுத? மூலை மடிஞ்சிருக்குன்னா?"

வரிசை சிரித்தது. அவர் உள்ளே போனார். அன்றைக்கு மனுக்கள் வந்த வரிசையிலேயே நகர்ந்தன.*

(* முதல் பிரதியில் அந்தப் பதிலை வரிசையில் நின்ற ஓர் எழுத்தாளர் சொல்வதாக எழுதியிருந்தேன். பணம் கொடுத்த எனக்கு அந்த வசனம் எதற்கு? பிடுங்கி அக்காவிடமே கொடுத்தேன்.)

5

மூன்றாம் நாள் காலை அவள் மேசை தெருவில் கிடந்தது. ஒரு கால் முறிந்திருந்தது. அவள் மகளின் படிப்பு அந்த நாலு காலில்தான் நின்றுகொண்டிருந்தது. பக்கத்து மேசைக்காரர், தடிமனான கண்ணாடி போட்டவர், குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார். இனி மடிப்பு அவர் கையில்.

அவள் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று எழு—

இல்லை. நான்தான் அப்படிப் போனவள். அவள் போகவில்லை.

வரிசையின் தலையிலிருந்து வால்வரை நடந்தாள். "மூலையை மடிச்சுக்கோங்க. நகத்தளவு போதும்."

"எதுக்கும்மா?" என்றார் ஒருவர்.

"மடிச்சா மேல போகும். எல்லாரும் மடிச்சா வரிசையா போகும்."

"நான் காசு கொடுத்தாச்சே," என்று ஒரு குரல் முனகியது.

"அப்ப உங்க காசுக்கு எல்லாரும் போகட்டும். புண்ணியம்."

நன்றி சொல்ல வந்திருந்த வெல்டர் அங்கே இருந்தான். கண் சரியாகத் தெரியாத ஒரு பெரியவரின் தாளை வாங்கி, மிச்சமிருந்த இரண்டு விரலால் மூலையை அழுத்தி மடித்தான். பிறகு அடுத்தவர் தாள். அதற்கடுத்தது. கடைசியில் கண்ணாடிக்காரர் தலையைத் தூக்கினார். தன் மேசையில் இருந்த தாள்களையெல்லாம் ஒன்றாகத் தட்டிச் சேர்த்து, மொத்தமாக ஒரே மடிப்பு மடித்தார். "இங்க வந்து உக்காரும்மா. பெஞ்சு நீளம்தான்," என்றார் அக்காவிடம்.

உள்ளே நாலாம் ஜன்னல் ஒரு தாளின் மூலையை நிமிர்த்திப் பார்த்தார். இன்னொன்றை நிமிர்த்தினார். ஆற அமரத் தன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு அந்த அறையில் பதினொரு வருடமாக யாரும் கேட்காத ஒரு சொல்லைச் சொன்னார்.

"அடுத்தவர்."

வரிசையின் கடைசியில், மடித்த தாளோடு நானும் நிற்கிறேன். [இது மட்டும் நான் சேர்த்தது. அன்று நான் அங்கே இல்லை.]

6

முடிவுகள் சில கைவசம் இருக்கின்றன. மேசைக்கு நாலாவது கால் வருகிறது. வெல்டர் இரும்பில் செய்துகொடுக்கிறான். நாலாம் ஜன்னலுக்கு மாற்றல் வருகிறது. இரண்டும் எனக்குப் பிடிக்கும். ஆனால் மூன்றாவதும் உண்டு: அடுத்த மாதம் அவர் வேறு அடையாளம் கண்டுபிடிக்கிறார். குண்டூசியாக இருக்கலாம், மையின் நிறமாக இருக்கலாம்.

அது எதுவென்று எனக்கு முன்னால் உங்களுக்குத்தான் தெரியும். வரிசையில் நிற்பது நீங்கள். அதனால் நான் எதையும் எழுதி முடிக்கப்போவதில்லை.

இந்தப் பக்கத்தின் வலது மேல் மூலை இன்னும் நேராகத்தான் இருக்கிறது. நகத்தளவு போதும்.