நான்கு வருடமாகப் பதினொரு வயது

1

இந்தக் கதை ஒரு புகைப்படத்திலிருந்து வந்தது. மந்தைவெளியில் ஒரு பழைய பேப்பர் கடையில் கிடைத்த 1948-ஆம் வருடப் பத்திரிகை. படத்தில் இரண்டு பெண்கள். ‘இசைத்தட்டுப் புகழ் பேபி லூயிசா, வயது பதினொன்று, அருகில் அவளுடைய அக்கா நோரா.’ அக்காவின் பாவாடைக்குக் கீழே ஒரு மணைப்பலகை தெரிகிறது. உயரமாகக் காட்ட ஒரு அக்காவை ஏன் பலகைமேல் ஏற்ற வேண்டும்? எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மீதி என் கற்பனை.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: ‘சாந்தோம் கடற்கரையில் அலைகளோடு போட்டியிட்டுப் பாடிய ஒரு சிறுமி…’

வேண்டாம். அவள் கடற்கரையில் பாடியதே இல்லை. மாதா கோயிலில் பாடினாள். அப்பா ஸ்தனிஸ்லாஸ் பள்ளிக்கூட வாத்தியார். நாற்பத்து நாலில், அவளுடைய பதினோராவது வயதில், முதல் இசைத்தட்டு வெளிவந்தது. ஓட்டலில், கல்யாணப் பந்தலில், எங்கும் அந்தக் குரல்தான். ‘இந்த வயசில் இப்படியா!’ என்று ஊர் வாயைப் பிளந்தது. வயது போனால் ஊரும் போய்விடும் என்று ஸ்தனிஸ்லாஸுக்குப் பயம். ஆகவே அடுத்த வருடமும் அவளுக்குப் பதினொன்று. அதற்கடுத்த வருடமும். அவளுடைய பிறந்தநாளை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கவுனின் ஓரத்தை மட்டும் வருடா வருடம் பிரித்து இறக்கித் தைத்தார்கள்.

(அவரைக் கொடுமைக்காரராக எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை. கச்சேரிக்கு முன் வெந்நீரை ஆற்றி அவள் கையில் கொடுப்பவர் அவர்தான்.)

3

பத்திரிகைக்காரர் ஸ்ரீரங்கன் வீட்டுக்கு வந்தபோது லூயிசாவுக்குப் பதினைந்து முடிந்திருந்தது. தங்கை நோராவுக்குப் பன்னிரண்டு.

“இவ யாரு?” என்றார் ஸ்ரீரங்கன், நோராவைக் காட்டி.

“பெரியவ” என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

“பேஷ்! ஏம்மா கொழந்தே, அக்காவும் பாடுவாளோ?”

அப்பா லூயிசாவையே பார்த்தார்.

“அக்கா பாட மாட்டாங்க” என்றாள் லூயிசா.

படம் எடுத்துக்கொண்டு அவர் போன பிறகும் நோரா பலகையைவிட்டு இறங்கவில்லை.

“என்னை அப்படிக் கூப்பிடாதே” என்றாள். “நீ செத்துப்போயிட்ட மாதிரி இருக்கு.”

(பன்னிரண்டு வயதுப் பெண் இப்படிப் பேசுவாளா? அந்த வரியை இரண்டு முறை அடித்தேன். மூன்றாம் முறை விட்டுவிட்டேன்.)

4

மறுவாரம் தியாகராய நகரில் கச்சேரி. லூயிசா அம்மாவின் நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு மேடைக்குப் பின்னால் வந்து நின்றாள்.

“என்னம்மா இது? போய் கவுனைப் போட்டுட்டு வா. ஜனம் காத்திருக்கு.”

“இதுலயே பாடறேன்பா. பாட்டு அதேதானே?”

“அவங்க பாட்டு கேக்க வரலேம்மா…”

சொன்ன பிறகுதான் தான் சொன்னது ஸ்தனிஸ்லாஸின் காதில் விழுந்தது. அவர் சுவரோரம் ஒதுங்கினார். அவள் அவரைக் கடந்து மேடையேறினாள்.

கைதட்டல் எழுந்து பாதியில் நின்றது. ஆர்மோனியக்காரர் அய்யாதுரை சுருதி பிடித்துக் காத்திருந்தார்.

பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான்: “இன்னாப்பா, பேபி எங்க கீது?”

கூட்டம் சிரித்தது. பிறகு நிஜமாகவே கேட்டது: “பேபி எங்கே? பேபி எங்கே?”

லூயிசா மைக்குக்கு அருகே குனிந்தாள்.

5

‘“நான்தான்” என்றாள்’ என்று எழுதினேன். அடித்தேன்.

‘“பேபி இனிமே வர மாட்டா” என்றாள்.’ எனக்குக்கூடக் கைதட்டத் தோன்றியது. அதனாலேயே அதையும் அடித்தேன்.

வயதிலிருந்து ‘அக்கா’ என்ற சொல் வரைக்கும் அவள் வாயில் வந்ததெல்லாம் யாரோ எடுத்துக் கொடுத்தவை. மூன்று பக்கமாக நானும் அதையேதான் செய்துகொண்டிருக்கிறேன். இந்த ஒரு வரியை மட்டும் நான் எழுதித் தர மாட்டேன். நீங்களும் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

அவள் வாய் திறக்கிறாள்.