எட்டே முக்கால் கிராம்

கௌசி ஒரு களிமண் வில்லையை எடுத்து அப்பாவின் உள்ளங்கையில் வைத்து, அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக மடித்துவிட்டாள்.

"சொல்லுங்கோ அப்பா. எத்தினை கிராம்?"

செல்வரத்தினம் கண்ணைத் திறக்கவில்லை. லண்டன் லூயிஷாம் வீட்டின் முன்னறையில் அவருடைய கட்டில் கிடந்தது. காலையில் வந்த நர்ஸ் அம்மாவைக் குசினிக்குள் கூப்பிட்டு, இன்றைய நாளைத் தாண்டமாட்டார் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

இருபத்தாறு வருஷம் கசினோவில் சீட்டுப் பகிரும் டீலராக நின்றவர் அவர். மேசையில் காசுக்குப் பதிலாக வைக்கும் 'சிப்' எனும் களிமண் வில்லைகளை, மூடப்பட்ட கசினோக்களிலிருந்து தேடித்தேடிச் சேர்த்தார். பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். ஆனால் ஓரம் மழுங்காத புதியது பத்துக் கிராமுக்குக் கிட்ட நிற்கும். வருஷக்கணக்காகக் கைமாறியது தேய்ந்து ஒன்பதுக்குக் கீழே இறங்கிவிடும். "கன பேற்றை கை பட்டது, பிள்ளை" என்பார். லேசானதைத்தான் கூடுதல் கவனமாகத் துணியில் சுற்றி வைப்பார்.

அவருடைய ஷிப்ட் பின்னேரம் தொடங்கும். கௌசி பள்ளிக்கூடத்தால் வர, அவர் வெளிக்கிட்டிருப்பார். ஞாயிறு மத்தியானம் மட்டும் அவளுக்குரியது. அவர் கண்ணை மூடிக்கொண்டு வில்லையைக் கையில் ஏந்தி எடை சொல்வார்; அவள் அதை நகைத்தராசில் வைத்து வாசிப்பாள். அவர் பிழைவிடுவது அபூர்வம். விட்டால் அவள் தரையில் உருண்டு சிரிப்பாள்.

கௌசி விரும்பிக் கட்டிய யனுஷன் ஏற்கெனவே ஒருமுறை கலியாணமாகிப் பிரிந்தவன். அவளுடைய பதிவுத் திருமணத்துக்கு அப்பா வரவில்லை. நான்கு வருஷம் அவளும் இந்தப் பக்கம் வரவில்லை. போன கிழமை அம்மா கூப்பிட்டபிறகுதான் லீட்ஸிலிருந்து வந்தாள். ஆறு நாளாக அப்பாவும் மகளும் தண்ணீரையும் மருந்தையும் பற்றி மட்டுமே பேசினார்கள். இன்று அவராகவே, "அந்தச் சிப் பெட்டியை எடு" என்றார்.

"ஒன்பதரை," என்றார் இப்போது.

கௌசி தராசில் வைத்தாள். எட்டே முக்கால்.

"சரி அப்பா."

அடுத்ததை வாங்கி, "இது ஒன்பது" என்றார். தராசு பத்துக் காட்டியது.

"அதுவும் சரி."

அவர் தலையை அவள் பக்கம் திருப்பினார்.

"பிழையெண்டால் நீ சிரிக்கிறனீ."

கௌசி வில்லையைத் தராசிலிருந்து எடுத்தாள்.

"கனநாளாச்சு பிள்ளை, நீ சிரிச்சுக் கேட்டு."

கதவடியில் நின்ற அம்மா வசந்தமலர் மறுபக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவருடைய விரல்கள் அசைந்து இன்னொன்றைக் கேட்டன. ஓரமே தெரியாமல் தேய்ந்த சிவப்பு வில்லை ஒன்றை வைத்தாள். அவர் கையைக் கொஞ்சமாக உயர்த்தினார். அந்தக் காலத்தைப் போலவே, நெற்றியைச் சுருக்கி நெடுநேரம் யோசித்தார்.

"நாற்பது கிலோ."

கௌசிக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. "என்னப்பா, உங்களுக்கு விசரோ?" என்று வில்லையோடு சேர்த்து அவர் கையைப் பற்றிக்கொண்டாள். அவருடைய வாயோரம் மெல்ல அசைந்தது.

"அவர் எங்கை?"

யாரைக் கேட்கிறார் என்று அவளுக்குத் தெரியும். "இண்டைக்குத்தான் வந்தவர். வெளியிலை, காருக்குள்ளை இருக்கிறார்."

"ஏன் காருக்குள்ளை? குளிருக்கை. வரச்சொல்லு."

யனுஷன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தபோது அவர் உறங்கிவிட்டிருந்தார். அவன் கால்மாட்டில் நின்றான். இருக்கச் சொல்லி வசந்தமலர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள். மூன்று மணியளவில் ஒரு மூச்சுக்குப் பிறகு அடுத்த மூச்சு வரவில்லை.

நர்ஸ் மறுபடி வந்து உறுதிசெய்தாள். ஐந்து மணிக்கு இரண்டு பேர் வந்து, அவரைப் பக்குவமாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். யனுஷன் அவர்களோடு வாசல்வரை போனான்.

கட்டிலில் ஆஸ்பத்திரி கொடுத்த காற்றுமெத்தை கிடந்தது. நடுவில் அவர் படுத்திருந்த பள்ளம். அடியில் அதற்குக் காற்றடிக்கும் மோட்டர் இரைந்துகொண்டிருந்தது. வசந்தமலர் சுவிட்சை நிறுத்தக் குனிந்தாள்.

"கொஞ்சம் பொறுங்கோ அம்மா."

இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பள்ளம் காற்று நிரம்பி, மெல்ல மெல்ல மேலெழுந்துகொண்டிருந்தது.