ஒரு கட்டை, முப்பது பேர்

எங்கள் தையல் வரிசையில் முப்பது பெண்கள். கழிப்பறைக்குப் போக ஒரே ஒரு மரக்கட்டை. சூப்பர்வைசரின் மேசையருகே ஆணியில் தொங்கும். கையில் கட்டை இல்லாமல் இடத்தை விட்டு எழக்கூடாது. அந்த அம்மாளுக்கு நாங்கள் வைத்த பெயர் விசில். அவளிடம் கெஞ்சுவதைவிடத் தொண்டை காய்ந்தே கிடக்கலாம் என்று தண்ணீர் குடிப்பதையே விட்டிருந்தோம்.

நான் காலர் தைப்பேன். அடுத்த மெஷினில் அண்ணி, சட்டைக்குக் கை வைப்பாள். நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாகக் கிடந்து இரண்டு கரு கலைந்துவிட்டது அவளுக்கு. "ராசியில்லாதவ" என்றாள் என்னைப் பெற்ற மகராசி. இப்போது மறுபடி ஐந்தாம் மாதம்.

"ராசியாவது மண்ணாங்கட்டியாவது! தண்ணி குடிக்காம, அடக்கி அடக்கி வெச்சு கிருமி சேருது. இப்படியே இருந்தா இதுக்கும் ஆபத்துதான்" என்றார் டாக்டரம்மா.

மறுநாளே அண்ணி போய்க் கட்டையைக் கேட்டாள். "இப்பதானே போயிட்டு வந்தே" என்றாள் விசில். அண்ணி திரும்பி வந்து, தண்ணீர் பாட்டிலை என் பக்கம் தள்ளிவைத்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொருத்தி காதிலும் ஓதினேன்.

இன்று காலை எல்லோர் மடியிலும் பெரிய பாட்டில். நான் மூடியைத் திறந்ததும் வரிசை முழுக்க மடக் மடக்கென்று குடித்தது.

"நான் குளிக்கிறதே இதுல பாதித் தண்ணியிலதான்" என்றாள் பட்டன்காரி. சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாகிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் எல்லோரும் எழுந்து, அண்ணியை முன்னால் விட்டு வரிசையில் நின்றோம். மெஷின்கள் ஓய்ந்தன. விசில் ஊதினாள், மறுபடியும் ஊதினாள். ஒருத்தியும் அசையவில்லை. மனசில் இருந்தது பயமா சந்தோஷமா என்று எனக்கே தெரியவில்லை.

"கட்டை ஒண்ணுதான் இருக்கு" என்றாள் விசில்.

"நாங்க முப்பது பேர் இருக்கோமே. நீங்களே ஒரு வழி சொல்லுங்க மேடம்" என்றேன்.

"எல்லாரையும் வேலைய விட்டுத் தூக்கிடுவாங்க."

"அப்புறம் யார் தைப்பா? நீங்களா?" என்றாள் பட்டன்காரி.

விசில் அண்ணியின் வயிற்றையே பார்த்தாள். பிறகு ஆணியிலிருந்து கட்டையைக் கழற்றி மேசை டிராயருக்குள் போட்டு மூடினாள்.

"போ. யாராவது கேட்டா என்னைக் கேக்கச் சொல்லு."

கட்டையில்லாத கையை வீசிக்கொண்டு அண்ணி நடந்தாள். அவள் பின்னால் போகப் புறப்பட்ட என் தோளைத் தட்டினாள் விசில்.

"பாட்டில்ல மிச்சம் இருக்கா?"

கொடுத்தேன். நின்றபடியே முழுதும் குடித்து முடித்தாள்.

"எனக்கும் ரெண்டு கலைஞ்சு போச்சு. நான் தைச்ச காலத்துலயும் இதே கட்டைதான்" என்றாள்.

வாயைத் துடைத்துக்கொண்டு, வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.