பத்தடி தள்ளி

குழாயை அறுக்காமல், ஓட்டை போடாமல், உள்ளே எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று சொல்லிவிடுகிற அந்த மனிதருக்கு பம்ப் ஹவுஸ்காரர்கள் வைத்த பெயர் பசைக்காரர். குடிநீர் வாரியத்தில் அவருக்கு வேறு பதவிப் பெயர் உண்டு. ஆனால் அவர் எங்கே போனாலும் ஒரு கைப்பெட்டியும் ஒரு பசைக் குழலும் கூடவே போகும். குழாயின் வெளிப்புறத்தைச் சுரண்டி, பசை தடவி, இரண்டு சென்சார்களைப் பட்டையால் இறுக்கிக் கட்டுவார். ஒன்று அனுப்பும் ஒலியை மற்றது வாங்கும். மனிதக் காதுக்கு எட்டாத ஒலி. தண்ணீரோடு போகும்போது சீக்கிரம் போகும், எதிர்த்து வரும்போது தாமதமாக வரும். அந்தத் தாமதத்தை வைத்து மீட்டர் கணக்குப் போட்டு, மணிக்கு இத்தனை கன மீட்டர் என்று திரையில் காட்டிவிடும். நாடி பிடிக்கிற வேலைதான், கொஞ்சம் பசையோடு.

வாரியத்தின் அத்தனை பம்ப் ஹவுஸுக்கும் போகிறவர், ஒரே ஓர் இடத்துக்கு மட்டும் நான்கு வருடமாகப் போகவில்லை. முறை வரும்போதெல்லாம் முதுகுவலி என்று சொல்லி சக ஊழியரை அனுப்பிவிடுவார். அவரும் போய்ப் பழைய எண்ணையே எழுதிக்கொண்டு வந்துவிடுவார். இந்தப் புதன்கிழமை அந்தச் சக ஊழியர் காலை முறித்துக்கொண்டு கட்டிலில் கிடந்தார். அங்கே ஒரு பம்பை மாற்றப் போகிறார்கள். வாங்குவதற்கு முன் பழையது எவ்வளவு தள்ளுகிறது என்று ஒருமுறை பார்த்துச் சொல்ல வேண்டும். தப்பிக்க வழியில்லை.

வாசலிலேயே ஆபரேட்டர் நின்றிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, காதில் செருகிய பேனா.

"பசைக்காரர்னா நீங்கதானா சார்? நான் ஏதோ போஸ்டர் ஒட்டறவர் வர்றார்னு நினைச்சேன்."

"ரெண்டுக்கும் பசை ஒண்ணுதாம்மா. பம்ப் ஓடுதா?"

"ஓடுது. அது ஓடாட்டி நான் ஓடணும். ஊரே திரண்டு வந்துடும்ல!"

உள்ளே போனதும் அவர் கண் நேராகக் குழாயின் வளைவுக்குப் போனது. பம்பிலிருந்து மேலே ஏறிய ஓரடி அகலக் குழாய், சட்டென்று திரும்பி, சுவரோடு ஓடிப் பின்பக்கத்துப் பள்ளத்தில் இறங்கியது. வளைவுக்குப் பக்கத்தில் இப்போது ஆளுயரக் கண்ட்ரோல் பேனல் ஒன்று நின்றது. ஒரு கை நுழையத்தான் இடம். அங்கே நின்று அளக்க முடியாது.

"பின்னாடி பள்ளத்துல இறங்கிக்கோங்க சார். முன்னாடி முழங்கால் அளவுக்குச் சேறா கிடந்துச்சு. நான் வந்து இறைச்சுச் சுத்தம் பண்ணிட்டேன். இப்ப பாய் போட்டுப் படுக்கலாம்."

இறங்கினார். வளைவிலிருந்து பத்தடிக்கும் மேல் தள்ளிய நேரான குழாய். டேப்பைச் சுற்றி விட்டம் பார்த்தார், குழாய்ச் சுவரின் கனம் பார்த்தார், எல்லாவற்றையும் மீட்டருக்குச் சொன்னார். பெயிண்டைச் சுரண்டிப் பசை தடவி, சென்சார்களைக் கட்டினார். திரையில் எண்கள் கொஞ்சம் தடுமாறி, ஓர் இடத்தில் வந்து நின்றன.

நூற்றுத் தொண்ணூற்றெட்டு.

பட்டையைக் கழற்றி மறுபடி கட்டினார். நூற்றுத் தொண்ணூற்றெட்டு. கொடுத்த அளவுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். எண் அசையவில்லை.

மேலேயிருந்து எட்டிப் பார்த்த ஆபரேட்டர், "நல்லாத்தானே தள்ளுது! நூத்தறுபதுதான் தள்ளுதுன்னு யாரோ எழுதி வெச்சிருக்காங்களாம் சார். அதை நம்பித்தான் புது பம்ப் வாங்கறாங்களாம்" என்றாள்.

அவர் மேலே வந்து, பேனலுக்கும் குழாய்க்கும் நடுவே கையை நுழைத்துத் தடவினார். விரலுக்கு இரண்டு சொரசொரப்பான இடங்கள் தட்டுப்பட்டன. டார்ச் அடித்துப் பார்த்தார். பெயிண்ட் போய்த் துருவேறிய இரண்டு சதுரங்கள்.

"அது எவனோ ஒரு மகராசன் சுரண்டிட்டுப் போனது சார். மேல ஒரு பூச்சு பெயிண்ட்கூட அடிக்கல. வளைவை ஒட்டினாப்பல யாராவது வைப்பாங்களா? போன மாசம் ட்ரெய்னிங்ல எனக்கே சொல்லிக் கொடுத்தாங்க. தண்ணி திரும்பற இடத்துல சுழலும், அங்க வெச்சா மீட்டர் ஏமாந்துடும், குழாய் அகலத்தைப் போலப் பத்து மடங்கு தள்ளிப் போங்கன்னு. எல்.கே.ஜி. பாடம்!"

தோள்பட்டை பேனலில் உரசி வலிக்க வலிக்க, சென்சார்களை அந்தத் துருச் சதுரங்களின் மேலேயே வைத்துக் கட்டினார். திரை காட்டியது: நூற்று அறுபத்தொன்று.

"அந்த மகராசன் நான்தாம்மா" என்றார்.

அவள் காதிலிருந்த பேனாவை எடுத்து, மறுபடி செருகி, அப்புறம் "டீ சொல்லட்டுமா சார்?" என்று மட்டும் கேட்டாள்.

நான்கு வருடத்துக்கு முன் இதே இடத்தில் ஆபரேட்டராக இருந்தவர் அவருடைய அக்காவின் கணவர். அத்தான் மணிக்கு இருநூறு என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். கடைசித் தெருக்களில் தண்ணீர் வரவில்லை என்று புகார். இருநூறு போனால் தண்ணீர் எங்கே? பொறியாளர் நேரில் வந்துவிட்டார், பசைக்காரரையும் கூட்டிக்கொண்டு. ஆபரேட்டர் தன் சொந்தக்காரர் என்பதைப் பசைக்காரர் சொல்லிக்கொள்ளவில்லை. பள்ளத்தில் சேறு, அவர் போட்டிருந்தது வெள்ளைச் சட்டை. வளைவுப் பக்கத்திலேயே கட்டினார். நூற்று அறுபது வந்தது.

அத்தான் நிதானமாகத்தான் சொன்னார்: "அந்தப் பக்கம் நேரா ஓடற இடத்துல ஒரு தடவ வெச்சுப் பாரேன், மச்சான்."

பொறியாளரின் புருவம் ஏறியது. "ஓ! சொந்தமா?"

வேறு எந்த ஆபரேட்டர் கேட்டிருந்தாலும் அவர் இரண்டாம் முறை வைத்திருப்பார். சந்தேகம் வந்தால் இடம் மாற்றிப் பார்ப்பது வழக்கம்தான். ஆனால் கேட்டது சொந்தம். பார்த்துக்கொண்டிருந்தது பொறியாளர். அக்கா புருஷனுக்காக அளவை மாற்றினான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்கிற வீறாப்பு தலைக்கேறியது.

"வேலை நேரத்துல சார்னு கூப்பிடுங்க" என்றார். பட்டையைக் கழற்றிப் பெட்டியை மூடிவிட்டார்.

பதிவேட்டில் பொய் எழுதியதாக அத்தானை வண்டல் தொட்டி கழுவும் வேலைக்கு மாற்றினார்கள். ஒரு மாதம் கழுவினார். அப்புறம் வேலையை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். குழாய் வேறெங்கோ தரைக்கடியில் கசிந்திருக்கும். அதைத் தேட யாரும் போகவில்லை. குற்றவாளிதான் கிடைத்துவிட்டாரே!

டீ ஆறிப்போனது. ஆபரேட்டரின் மேஜையிலேயே உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினார். 'நான்கு ஆண்டுகளுக்கு முன் நான் கொடுத்த அளவு தவறு. இன்று நேரான இடத்தில் வைத்து அளந்ததில் நூற்றுத் தொண்ணூற்றெட்டு. தவறு மீட்டருடையது அல்ல, அதை வைத்தவனுடையது. பதிவேட்டில் இருந்த அளவே சரி.'

அன்றைய பொறியாளர் இப்போது தலைமை அலுவலகத்தில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருந்தார். படித்துவிட்டுக் கடிதத்தை மெல்ல இவர் பக்கமே தள்ளினார்.

"இதைக் கொடுத்தீங்கன்னா நீங்க இதுவரை எழுதின ரிப்போர்ட் அத்தனையையும் தோண்டுவாங்க. ஓய்வு பெற இன்னும் மூணு வருஷம் இருக்கு. எதுக்கு சொந்தக் காசுல சூனியம்? பம்ப் நல்லா இருக்குன்னு புது ரிப்போர்ட் எழுதுங்க. முடிஞ்சுது."

"ஆளும் நல்லா இருந்தார்னு எழுதணுமே சார்."

கடிதத்தைக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டார். விசாரணை முடிகிறவரை மீட்டரைத் தொட வேண்டாம் என்று சொன்னார்கள். பெட்டியை ஸ்டோரில் ஒப்படைத்தார். இருபது வருடத்தில் முதல்முறையாக வலது கை சும்மா தொங்கிக்கொண்டு வந்தது.

அக்கா வீட்டுக் கதவைத் தட்டும்போது மணி ஐந்து. அக்காதான் திறந்தாள். பார்த்தாள். உள்ளே திரும்பி, சுவரைப் பார்த்துச் சொன்னாள்:

"யாரோ வந்திருக்காங்க. வந்தவங்களை உக்காரச் சொல்லுங்க."

நான்கு வருடமாக அவளுக்கு அவர் 'வந்தவங்க'தான். கல்யாண வீடோ சாவு வீடோ, எதிரே பார்த்தாலும் பக்கத்துத் தூணிடம்தான் பேசுவாள். சின்ன வயதில் தலையில் குட்டிக் குட்டி வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவள்.

முன்னறையில் அத்தான் ஒரு பழைய மின்விசிறியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இப்போது அதுதான் தொழில். இவர் நீட்டிய கடித நகலைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி வரியாகப் படித்தார்.

"நூத்தித் தொண்ணூத்தெட்டா?"

"ஆமா அத்தான்."

"நான் எழுதினது இருநூறு. ரெண்டு குறையுதே." கொஞ்சம் யோசித்தார். "பம்புக்கும் வயசாகுதில்ல."

"மீட்டர் இல்லாம எப்படி அத்தான் அவ்வளவு சரியா…"

"இதுல என்ன மந்திரம்? தினம் காலையில மேல்தொட்டியில கோலை விட்டு, கடிகாரத்தைப் பாத்து, எவ்வளவு ஏறுதுன்னு கணக்குப் போட்டேன். அன்னிக்குக் கேட்டிருந்தா கோலைக் காட்டியிருப்பேன்."

பசைக்காரர் தரையைப் பார்த்தார். "அன்னிக்கே நீங்க சத்தம் போட்டுக் கேட்டிருக்கலாமே அத்தான். சண்டை போட்டிருக்கலாமே."

"யார்கிட்ட? சார்கிட்டயா?"

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு திருகாணியைத் தேடிக்கொண்டே சொன்னார். அதனால்தான் இன்னும் ஆழமாக இறங்கியது. பசைக்காரர் வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த மன்னிப்பு வார்த்தைகளில் ஒன்றுகூட அதன் பக்கத்தில் நிற்க லாயக்கில்லை என்று அவருக்கே தெரிந்தது. இருந்தும் சொன்னார்.

"தப்பு பண்ணிட்டேன் அத்தான்."

"ம்."

"உங்களை மறுபடி எடுத்துக்கச் சொல்லி நானே அலைவேன்."

"எங்க எடுத்துக்கறது? போன மாசத்தோட அறுபது முடிஞ்சுது. இந்நேரம் மாலையைப் போட்டு, கையில ஒரு சுவர்க்கடிகாரத்தைக் கொடுத்து அனுப்பியிருப்பாங்க." அத்தான் கடிதத்தை மடித்தார். பழைய மடிப்பின் மேலேயே, விளிம்பு விலகாமல். பெஞ்சில் வைத்து, பறக்காமலிருக்க அதன் மேல் ஒரு ஸ்பேனரை வைத்தார். "ஒரு மாசம் முந்தி அந்தப் பள்ளத்துல இறங்கியிருக்கக் கூடாதா நீ?"

முதுகுவலி என்று சொல்ல முடியுமா?

திருகாணி கிடைத்தது. அத்தான் விசிறியை மாட்ட ஆரம்பித்தார். இனி உட்கார்ந்திருப்பதில் அர்த்தமில்லை என்று பசைக்காரர் எழுந்தார். வெளியே இருட்டிக்கொண்டு வந்து, சடசடவென்று மழை விழுந்தது.

சமையலறையிலிருந்து அக்காவின் குரல் கேட்டது. இப்போதும் சுவரிடம்தான்.

"மழை பிடிச்சுக்கிச்சு. உங்க மச்சான் குடை எடுத்துட்டு வந்தானான்னு கேளுங்க."

வாசற்படியில் அவர் கால் நின்றுவிட்டது. நாலு எட்டில் இருக்கிறது சமையலறை. அக்கா சொன்னது அவருக்கும் கேட்டது, அவர் சொன்னால் அவளுக்கும் கேட்கும். ஆனாலும் அத்தானைப் பார்த்தே சொன்னார்: "எடுத்துட்டு வரல."

"இல்லையாம்" என்றார் அத்தான், விசிறியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அப்ப விட்டதும் போகச் சொல்லுங்க."

அவர் திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். நகக்கண்ணில் காலையில் தடவிய பசை காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. மழை விடுகிறவரை அதைச் சுரண்டிக்கொண்டே இருந்தார்.