யாரும் எதையும் தொலைக்காத தண்ணீர்

சிற்றம்பலத்துக்கு நாற்பத்தைந்து வயது முடியும்வரை தண்ணீரில் கண்டம். சாதகம் கணித்தபோது அப்புத்துரைச் சாத்திரியார் அப்படித்தான் சொன்னார். பெற்ற தாய் அதைத் தன் மனதுக்குள் வைத்திருந்திருக்கலாம். அவள் ஊருக்கே சொல்லிவைத்தாள். கோயில் கேணிக்குள் மற்றப் பையன்கள் தலைகீழாகக் குதிக்கும்போது சிற்றம்பலம் படிக்கட்டில் இருந்து அவர்களுடைய உடுப்புகளுக்குக் காவல் காத்தான். குதித்தவன் மறைவான்; பிறகு மேலே வந்து தலையை உதறி, வேறேதோ தேசத்துக்குப் போய்வந்தவன்போல ஒரு கணம் பேசாமல் நிற்பான். அந்தப் பேசாத கணத்தைத்தான் சிற்றம்பலம் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே என்ன இருந்தது என்று கேட்டால் ஒருவனுக்கும் சொல்லத் தெரியவில்லை. "தண்ணிதான்" என்றார்கள்.

ஆறில்லாத யாழ்ப்பாணத்திலேயே கிணற்றடியில் வாளியோடு காலத்தைப் போக்கியிருந்தால் கண்டமும் தன்பாட்டில் கழிந்திருக்கும். ஆனால் அரசாங்கம் காணி கொடுக்கிறது என்று கேள்விப்பட்டு வன்னிக்கு வந்தவருக்குக் கிடைத்தது, முத்தையன்கட்டுக் குளத்தின் கீழே வாய்க்கால் ஓரத்துக் காணி. தண்ணீரில் இறங்காமல் நெல் விதைப்பது எப்படி? சாத்திரியாரும் அதே குடியேற்றத்துக்கு வந்திருந்தபடியால் வீட்டார் கெஞ்சிக் கூத்தாடி ஒரு சலுகை வாங்கினார்கள். முழங்கால் மட்டும் இறங்கலாம். முழங்காலுக்குக் கீழே கிரகங்கள் பார்ப்பதில்லையாம்.

அவ்வளவு பெரிய குளத்தின் கீழே இருந்துகொண்டு, ஒரு நாளும் அதில் முழுகாமல், முழங்கால் மட்டும் நனைந்த மனிதராகச் சிற்றம்பலம் நாற்பத்தாறாவது வயதுக்குள் வந்து சேர்ந்தார். பேச்சுக் குறைந்த ஆள். பிறர் பேசி முடிக்கும்வரை காத்திருப்பார்; அவர்கள் முடிக்கமாட்டார்கள். கண்டம் கழிந்த நாளில் அதை ஒருவருக்கும் நினைவூட்டவில்லை. தண்ணீருக்குள் ஒரு தடவை போய், அங்கே எப்படி இருக்கிறது என்று சும்மா இருந்து கேட்கவேண்டும். அவருக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

அந்த மாதமே மனைவி ஜெகதீஸ்வரியின் தம்பி கனகலிங்கம் கொழும்பிலிருந்து லீவில் வந்தான். கந்தோரில் கிளாக்கர். மாங்குளத்தில் ரயிலால் இறங்கி, பஸ் மாறி வந்தவனோடு சாக்கில் சுற்றிய ஒரு இரும்புச் சிலிண்டரும், ரப்பர்க் குழாய்களும், முகத்துக்குப் போடும் கண்ணாடியும் வந்தன.

"இதென்ன தம்பி, காஸ் விளக்கோ?"

"இல்லை அத்தான். தண்ணிக்குள்ள மூச்சு விடுற மிசின். வெள்ளைக்காரன் திருகோணமலையை விட்டுப் போகேக்க ஏலம் போட்டது. கந்தோரில நாங்கள் நாலு பேர் சேர்ந்து எடுத்தனாங்கள். கொழும்பில இருந்து சுணங்காமல் போய்வரக்கூடிய கடலாத் தேடினம். ஒருத்தன் ஹிக்கடுவை எண்டான், பவளப்பாறை இருக்காம். மற்றவன் திருகோணமலைதான் வேணுமெண்டு நிண்டான். மூண்டாவது ஆள் கல்கிசை போதும், மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டை வந்திடலாம் எண்டான்."

"நீ எங்க எண்டனீ?"

"நான் செயலாளர் அத்தான். அவங்கள் சொன்னதை எழுதினனான். இப்ப நாலு பேரும் முகம் பாக்கிறேல்லை. மிசின் என்ர அறையில கிடந்தது."

"காத்து இருக்கோ?"

"நிறைய இருக்கு. ஆனா ஒருக்காப் போய்வரத்தான் காணும். முடிஞ்சால் நிரப்ப இடமில்லை."

"நீ இறங்கிப் பாத்தனீயே?"

"எனக்கு நீந்தத் தெரியாது."

"எனக்கும் தெரியாது."

"அதுதான் நல்லது அத்தான். நீந்தத் தெரிஞ்சவன் மேல வந்திடுவான்."

சிற்றம்பலம் கதிரையில் இருந்து குழாயை வாயில் வைத்து ஒரு மூச்சு இழுத்தார். காற்று குளிர்ந்து, இரும்பும் ரப்பருமாக மணத்தது. குசினி வாசலில் நின்ற ஜெகதீஸ்வரி, "வீட்டுக்குள்ள சும்மா கிடைக்கிற காத்தை விட்டிட்டு இதை ஏன் செலவழிக்கிறியள்?" என்றாள். அவர் குழாயை எடுத்துவிட்டார்.

ஒரு சிலிண்டர் காற்று. அதை எந்தத் தண்ணீரில் செலவழிப்பது?

அவர் யோசிக்கத் தொடங்கு முன்பே மற்றவர்கள் யோசித்து முடித்துவிட்டார்கள். முதலில் வந்தவன் கிறகோரி. முல்லைத்தீவுக் கரையிலிருந்து சைக்கிளில் கருவாடு கொண்டு வருகிறவன்.

"கடல்தான் அண்ணை. மற்றதெல்லாம் கழுவின தண்ணி. முல்லைத்தீவில பஸ்ஸால இறங்கினால் எங்கட மீன்வாடி. வள்ளத்தில நானே கொண்டுபோறன். கடலுக்கடியில கல்லுப்பார் ஒண்டு இருக்கு, அப்பிடியே பூந்தோட்டம். போனால்..." அவன் கருவாட்டைப் புரட்டினான். "போனால் அதில என்ர நங்கூரம் ஒண்டு மாட்டிக் கிடக்கு. கையோட கழட்டி விட்டால் சரி."

அடுத்த காணிக்காரர் வீரகத்திக்கு அது பிடிக்கவில்லை. வாய்க்கால் அவருடைய வயலில்தான் முடிகிறது. கடைசிக் காணிக்காரனின் மனம் அவருக்கு. உலகத்தில் எந்தத் தண்ணீரைக் கண்டாலும் அதில் தன் பங்கு குறைகிறது என்று நம்புவார்.

"கடலுக்கு ஏன் போறாய்? சொந்தக் குளம் இருக்கு. தண்ணி திறந்து விடுற துருசு வாயில இறங்கிப் பார். அதுக்குள்ள என்னவோ கிடந்து என்ர தண்ணியை மறிக்குது. எட்டு வருசமாச் சொல்லுறன், ஒருத்தனும் இறங்குறானில்லை."

"முதலை இருக்கல்லே?" என்றான் கிறகோரி.

"முதலைதான் மறிக்குதெண்டால் அதையும் பாத்துச் சொல்லட்டும்."

ஜெகதீஸ்வரிக்குக் கடலும் வேண்டாம், குளமும் வேண்டாம். "பொழுதுபடமுன்னம் வீட்டை வரக்கூடிய தண்ணியா இருக்கவேணும்" என்றாள். "எங்கட கிணறு இருக்கு. கயித்தில கட்டி இறக்கினால் நானே பிடிச்சிருப்பன். போன மாரியில விழுந்த செம்புக்குடமும் அதுக்குள்ளதான் கிடக்கு."

வழக்கு முற்றியதால் சாத்திரியாரிடம் போனார்கள். அவர் பாக்கை உரலில் இடித்தபடி, பல்லில்லாத வாயால் தீர்ப்புச் சொன்னார். கண்டம் இருந்த ஆள் முதன்முதலாக நீருக்குள் போவது கலியாணம் மாதிரி. பொருத்தம் பார்க்காமல் விடமுடியாது. சிற்றம்பலத்தின் சாதகம் இருக்கிறது. தண்ணீர்களின் சாதகம்?

குளத்துக்குத் துருசு திறந்த நாளை எடுத்தார்கள். கிணற்றுக்கு ஊற்றுக் கண்ட நாளை ஜெகதீஸ்வரி சொன்னாள். கடலில்தான் தடைப்பட்டது.

"கடல் பிறந்த நேரம் ஆருக்குத் தெரியும்?" என்றார் சாத்திரியார்.

"எங்களுக்குத் தெரியும்" என்றான் கிறகோரி. "வேதத்தில கிடக்கு. மூண்டாம் நாள்தான் ஆண்டவர் தண்ணியெல்லாத்தையும் ஒரு பக்கமாச் சேர்த்துக் கடல் எண்டு பேர் வைச்சவர்."

"எந்தக் கிழமையில இருந்து எண்ணுறது?"

"ஞாயிறு முதலாம் நாள்."

சாத்திரியார் விரல் மடித்தார். ஞாயிறு, திங்கள். மூன்றாம் விரலில் அவர் முகம் இருண்டது. "செவ்வாய்! கடலுக்குச் செவ்வாய்க் குற்றம்."

செவ்வாய்க்கிழமை பிறப்பதும் செவ்வாய்க் குற்றமும் வேறு வேறு என்று சிற்றம்பலத்துக்குத் தெரியும். கிறகோரி மட்டும் நெடுநேரம் யோசித்துவிட்டு, "சரியாத்தான் இருக்கு. எங்கட பெரியப்பாவையும் அதுதானே முழுங்கினது" என்று சைக்கிளை எடுத்தான்.

குளத்துக்கு நாடிப் பொருத்தம் இல்லை. கிணறு பெண் நட்சத்திரம். வீட்டில் ஏற்கெனவே ஒருத்தி இருக்கிறாள். ஆகவே கரையோரத்து உப்பு ஏரியான நந்திக்கடல்தான் மிச்சம் என்றார் சாத்திரியார். வற்றாப்பளை அம்மனின் பார்வை படுகிற தண்ணீர். கடல் தண்ணீரில் விளக்கெரிய வைக்கிறவளுக்கு அதற்குள் ஒரு மனிதனை மூச்சுவிட வைப்பது பெரிய காரியமா? அதற்குப் பிறந்த நேரம் தேவையில்லை.

"ஒரு பொங்கலுக்குப் போய் முழுகேக்க" என்று குரலைத் தாழ்த்தினார், "என்ர கட்டுப்பல்லும் அங்கதான் விழுந்தது. மேற்குக் கரை. ஆழமில்லை."

சிற்றம்பலம் வீட்டுக்கு நடந்து வந்தார். பின்னால் வீரகத்தியும் ஜெகதீஸ்வரியும் கனகலிங்கமும் கிணறா குளமா என்று பேசிக்கொண்டு வந்தார்கள். கனகலிங்கம் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்திருந்தான். எங்கே போக உங்களுக்கு விருப்பம் என்று யாராவது ஒருவர் கேட்பார் என்று சிற்றம்பலம் படலைவரை காத்திருந்தார். எல்லாத் தண்ணீரின் அடியிலும் இவர்களுடைய ஏதோ ஒன்று கிடந்து அவரைக் கூப்பிட்டது. அங்கே போனால் கேட்கப்போவது தண்ணீரின் சத்தமா? நங்கூரத்தின், குடத்தின், பல்லின் சத்தம்.

மறுநாள் காலை அவருடைய தண்ணீர் முறை. முறை வந்தால் காணியின் கீழ் எல்லையான தொங்கலில் வாய்க்காலுக்குக் குறுக்கே பலகை போடவேண்டும். தண்ணீர் முட்டி உயர்ந்து வயலுக்குள் ஏறும். முறை முடிந்ததும் பலகையைத் தூக்கிவிட, வீரகத்தியின் வயலுக்குப் போகும். அந்த ஒழுங்கு வாய்க்காலில் வேதம் மாதிரி. பலகை தூக்கச் சுணங்கினவனோடு கலியாண வீட்டிலும் பேசமாட்டார்கள்.

சிற்றம்பலம் பலகையைப் போட்டுவிட்டு வரம்பில் நின்றார். தண்ணீர் ஏறியது, முழங்கால், தொடை, இடுப்பு அளவு. பால் விடாத தேத்தண்ணீர் நிறத்தில், அடி தெரிகிற மாதிரி நின்றது. எத்தனையோ வருடம் பார்த்த தண்ணீர். அதற்குள் யாரும் எதையும் தொலைக்கவில்லை என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது.

அவர் வீட்டுக்குப் போனார். கனகலிங்கம் நித்திரை. ஜெகதீஸ்வரி குசினியில் பேசிக்கொண்டிருந்தாள். மறுமொழி தேவையில்லாத பேச்சு. சாக்கோடு மிசினைத் தோளில் தூக்கி வந்து, முதுகில் கட்டி, கண்ணாடியைப் போட்டு, வாய்க்காலுக்குள் இறங்கினார். முழங்கால் கடந்தது. தொடை கடந்தது. ஒரு கிரகமும் எதுவும் சொல்லவில்லை. குழாயை வாயில் கடித்துக்கொண்டு குப்புறப் படுத்தார். இரும்பின் பாரம் அவரை மெதுவாக அடியில் கொண்டுபோய் வைத்தது.

முதலில் ஏமாற்றம். உள்ளே அமைதி இருக்கவில்லை. அவருடைய மூச்சு காளைமாடு மாதிரிச் சீறியது. வெளியே விட்டால் குமிழிகள் காதோரம் கடகடத்தன. இவ்வளவு சத்தத்தைத் தானே வைத்துக்கொண்டா ஊராரைக் குறை நினைத்தேன் என்று வெட்கப்பட்டார். பிறகுதான் கண்டுபிடித்தார். விட்ட மூச்சுக்கும் எடுக்கப்போகிற மூச்சுக்கும் இடையில் ஒரு சிறிய இடம் இருந்தது. அங்கே ஒன்றுமே இல்லை. அந்த இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டினார். கெண்டைக் குஞ்சுகள் வந்து அவர் விரல்களை ஆராய்ந்தன. ஒரு நத்தை நெற்பயிரின் இலை ஒன்றைத் தின்னத் தொடங்கி, தின்றுகொண்டே இருந்தது. தானே சேற்றில் விட்ட காலடித் தடங்கள் முகத்துக்கு நேரே கிடந்தன. வேறொருவனுடையவை மாதிரி இருந்தன.

எவ்வளவு நேரமோ தெரியாது. தண்ணீருக்குள் கால்கள் வந்தன.

வரம்பில் நடந்ததைப் பிறகு ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். எல்லாரும் ஒத்துக்கொண்ட பகுதி இவ்வளவுதான். முதலில் கண்டவன் கிறகோரி. முதுகில் இரும்போடு வாய்க்காலில் கிடந்த உடம்பைக் கண்டு சிலுவை போட்டுக்கொண்டு, "ஐயோ, சிற்றம்பலத்தார் செத்துப்போனார்!" என்று கத்தினான். சாத்திரியார் குடையோடு ஓடிவந்து, "நாற்பத்தஞ்சு முடியக் கண்டம் கழியுமெண்டனான். நடக்கிற வயசோ முடிஞ்ச வயசோ எண்டு ஒருத்தரும் என்னைக் கேக்கேல்லை" என்றார். கனகலிங்கம், "இது தீர்மானிச்ச இடமில்லை, இது தீர்மானிச்ச இடமில்லை" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். வீரகத்தி மட்டும் சூரியனைப் பார்த்தார்.

"அவன்ர முறை முடிஞ்சுது. பலகையைத் தூக்குங்கோ."

"ஆள் செத்துக் கிடக்கிறார், உனக்குத் தண்ணியோ?" என்றார் சாத்திரியார்.

"செத்தாலும் முறை முறைதான். உயிரோட இருந்தால் அவனே தூக்கியிருப்பான், நல்ல மனிசன்."

உள்ளே சிற்றம்பலத்துக்கு இது ஒன்றும் கேட்கவில்லை. ஒரு குடைக் கம்பி வந்து தோளைக் குத்திப் பார்த்துவிட்டுப் போனது. அடுத்ததாக வீரகத்தியின் தழும்புக் கால் பலகைக்குப் பக்கத்தில் ஊன்றியது, பலகை ஆடியது. முறை முடிந்துவிட்டது. பிறத்தியானின் தண்ணீரில் கிடக்கிறார். வாழ்நாளில் ஒரு உள்ளங்கை அளவு கூட எடுத்ததில்லை. எழும்பத்தான் வேண்டும். இந்த ஒரு மூச்சோடு எழும்பலாம் என்று நினைத்தார். அந்த மூச்சு முடிந்தது. அடுத்த மூச்சோடு என்று நினைத்தார்.

பலகை மேலே கிளம்பத் தொடங்கியது. அடியால் தண்ணீர் இழுக்க, குஞ்சுகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்தன.

அப்போது இரண்டு கால்கள் தொப்பென்று பலகைக்கு மேலே இறங்கின. பலகை மறுபடி சேற்றுக்குள் அமிழ்ந்தது. இடது பெருவிரல் நகம் நடுவால் பிளந்திருந்தது, மண்வெட்டி பட்டு. அந்தக் கால்களுக்குச் சொந்தக்காரி வாய்க்கால் முறையில் யாருக்கும் விட்டுக்கொடுத்தவளும் இல்லை, யாருடையதையும் பறித்தவளும் இல்லை. மற்றக் கால்கள் அவற்றைச் சுற்றித் துள்ளின, சேற்றைக் கலக்கின, விலகின, மறுபடி வந்தன. அந்த இரண்டும் அசையவில்லை.

அவள் சொன்னது இதுதானாம்: "குமிழி வருது. அந்தாள் முடிச்சிட்டு எழும்பட்டும்."

தண்ணீர் தெளிந்தது. குஞ்சுகள் திரும்பி வந்தன. சிற்றம்பலம் அந்தக் கால்களைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். இத்தனை வருடத்தில் அவள் பேசாமல் நின்று அவர் பார்த்தது அங்கேதான். பிறகு காற்று இறுகியது. இன்னொரு இழுப்பு வந்தது, மெல்லியதாக. அதற்குப் பிறகு வரவில்லை.

எழும்பினார். எல்லாருடைய சத்தமும் ஒரேயடியாகக் காதுக்குள் விழுந்து, அவரைக் கண்டதும் ஒரேயடியாக நின்றது.

"முடிஞ்சுதே?" என்றாள் ஜெகதீஸ்வரி.

"ஓம்."

அவள் பலகையிலிருந்து இறங்கி, சேலையைப் பிழிந்தாள். "வீரகத்தியண்ணை, இனித் தூக்குங்கோ."

வீரகத்தி தூக்கவில்லை. கையைப் பலகையில் வைத்தபடியே நின்றார். கிறகோரியும் சாத்திரியாரும் கிட்ட வந்தார்கள். கனகலிங்கம் பென்சிலோடு வந்தான்.

"உள்ள என்னடாப்பா இருந்தது?" என்று வீரகத்திதான் கேட்டார்.

சிற்றம்பலம் கண்ணாடியைக் கழற்றினார். தலையை உதறினார். சொல்லத்தான் நினைத்தார். அவர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள், அவருக்காக அவர்கள் காத்திருந்தது அதுதான் முதல் தடவை.

"தண்ணிதான்" என்றார்.

வீரகத்தி பலகையைத் தூக்கினார். தண்ணீர் இடுப்பிலிருந்து இறங்கி, தொடையைக் கடந்து, முழங்காலுக்கு வந்தது. கெண்டைக் குஞ்சுகள் வீரகத்தியின் வயலுக்குப் போயின.